ஆஃபர் லெட்டரின் மூன்றாவது பக்கம்

போன வாரம் சித்தி பையன் ஒரு ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பி.இ. முடித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, பன்னெண்டு லட்சம் போட்டிருக்காங்க. மாசம் ஒரு லட்சம். பேங்க்ல லோனுக்குப் பேசிடட்டுமா?"

அனுப்பியது இரண்டு பக்கம்தான். முதல் பக்கத்தில் வாழ்த்து, பதவி, சேர வேண்டிய தேதி. இரண்டாவதில் நிபந்தனைகள். "மூணாவது பக்கம் எங்கடா?" என்று கேட்டேன். "அது என்னமோ அனெக்ஸர்ணா, வெறும் கணக்கு" என்றான்.

கோயம்புத்தூரில் பேரோல் பார்க்கிறவன் நான். நூற்றுக்கணக்கான பேருக்கு மாதம் தவறாமல் பேஸ்லிப் போட்டுத் தருகிற வேலை. அந்த "வெறும் கணக்கு" பக்கத்தில்தான் சம்பளம் இருக்கிறது, மற்றதெல்லாம் மங்கள வாழ்த்து என்று அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்லப் போகிறேன், கொஞ்சம் விலாவாரியாக.

அவன் அனெக்ஸர் இப்படி இருந்தது. சி.டி.சி., அதாவது அவனுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, 12 லட்சம். அதில் பேஸிக் வருஷத்துக்கு 3 லட்சம், அதாவது மாதம் 25,000. வீட்டு வாடகைப் படி 1,50,000. கம்பெனி பங்கு பி.எஃப். 21,600. கிராஜுவிட்டி 14,430. குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 15,000. வேரியபிள் 1,20,000. மிச்சம் 5,78,970 ரூபாயை மொத்தமாக "ஸ்பெஷல் அலவன்ஸ்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருந்தார்கள்.

இனி மாதக் கணக்கு. பேஸிக், வாடகைப் படி, ஸ்பெஷல் அலவன்ஸ் மூன்றையும் கூட்டினால் 85,747 ரூபாய். அதில் அவன் பங்கு பி.எஃப். 1,800 போகும், தொழில் வரி இருநூறு சொச்சம் போகும். வருமான வரி, 2025-26-க்கான புதிய முறையில், இந்த அளவுக்கு வராது. கையில் வருவது 83,700 சுற்றி. லட்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு மாதம் பதினாறாயிரம் காணவில்லை. வேரியபிள் வந்தால் வரும். கம்பெனி லாபம், டீம் ரேட்டிங், மேனேஜரின் மனநிலை எல்லாம் கூடி வர வேண்டும்.

இதில் ஏமாற்று என்று சட்டப்படி எதையும் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் போட்டே தீர வேண்டும் என்று சொன்ன பி.எஃப். பங்கையும், ஐந்து வருஷம் கழித்துத் தர வேண்டிய கிராஜுவிட்டியையும் உங்களுக்குத் தரும் சம்பளமாகக் காட்டுவது, ஜவுளிக்கடையில் புடவையோடு கட்டைப்பைக்கும் சேர்த்து பில் போட்டுவிட்டு "பை இலவசம்" என்று சொல்வது மாதிரிதான். கிராஜுவிட்டி விஷயத்தில் இன்னும் ஒரு வேடிக்கை. மூன்றாவது வருஷம் அவன் வேலையை விட்டால் அந்த 14,430 வருஷா வருஷம் கம்பெனியிடமே நின்றுவிடும். 12 லட்சம் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள், அதில் இந்தக் கிராஜுவிட்டித் தொகை அவன் கண்ணில் படவே படாது.

சரி, நான் அவனிடம் சண்டை போட்டது அந்தப் பதினாறாயிரத்துக்காக அல்ல. பேஸிக்குக்காக. பதினோரு வருஷ அனுபவம் உள்ள ஒருவனுக்கு 25,000 பேஸிக். மொத்தத்தில் கால் பங்கு. "எப்படிப் பிரிச்சா என்னண்ணா, எல்லாம் என் காசுதானே" என்கிறான். இல்லை தம்பி. கிராஜுவிட்டி என்பது கடைசியாக வாங்கிய பேஸிக்கை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருஷம் வேலை பார்த்தாயோ அதால் பெருக்குவது. பேஸிக் 25,000 என்றால் பத்து வருஷத்துக்கு 1,44,000 ரூபாய் சொச்சம். அதே சம்பளத்தில் பேஸிக்கைப் பாதியாக, 50,000 என்று வைத்திருந்தால் 2,88,000 சொச்சம். மாதச் சம்பளம் ஒரு ரூபாய்கூட மாறவில்லை, போகும்போது கிடைப்பது இரண்டு மடங்கு. லீவை விற்றுக் காசாக்குவதும் பெரும்பாலும் பேஸிக் மேல்தான். பி.எஃப். சட்டப்படி சம்பளத்தில் 12 சதவீதம். ஆனால் 2014 செப்டம்பரில் வைத்த 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும் கட்டினால் போதும் என்று ஒரு வழி இருப்பதால், பல கம்பெனிகள் 1,800-ஓடு நிறுத்திக்கொள்கின்றன. இருபத்து மூன்று வயதில் சேர்ந்தவனுக்கும் அதே 1,800, நாற்பத்தைந்து வயது மேனேஜருக்கும் அதே 1,800.

பேஸிக்கைக் குறைத்துப் படிகளை ஊதும் இந்த வழக்கம் ரொம்பப் பழசு. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில், எல்லோருக்கும் ஒரே மாதிரி தருகிற அலவன்ஸைத் தனிப் பெயர் வைத்துப் பி.எஃப். கணக்கிலிருந்து ஒளிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பேஸிக்கை ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று காட்டிய இடங்களில் அது கொஞ்சம் வேலை செய்தது. 15,000-க்கு மேல் பேஸிக் உள்ளவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. பெரிய மாற்றம் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். படிகள் எல்லாம் சேர்ந்து மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளக் கணக்கில் சேரும் என்கிறது அவற்றில் உள்ள ஊதியத்துக்கான புதிய வரையறை. அப்படிப் பார்த்தால் தம்பியின் கிராஜுவிட்டிக் கணக்கு 25,000-ல் நிற்க முடியாது. அவன் கையில் இருந்த அனெக்ஸர் பழைய அச்சில் போட்டது. "இதைப் புதுச் சட்டப்படி எப்படிக் கணக்குப் போடுவீங்கன்னு எச்.ஆர்.கிட்ட மெயில்ல கேளு, போன்ல கேக்காத" என்றேன். போனில் சொன்ன பதிலுக்குப் பேரோலில் மதிப்பில்லை. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஐ.டி. பையன் கதையிலேயே நின்றுவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பி.காம்., பி.எஸ்ஸி. படித்துவிட்டுப் பீளமேட்டிலும் கணபதியிலும் பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி, ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி ஆபீஸ்களில் பத்து, பதினைந்து வருஷமாக அக்கவுண்ட்ஸும் ஸ்டோர்ஸும் பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு லட்சம் எல்லாம் கனவு. அவர்கள் வாழ்க்கையில் முக்கியமான எண் 21,000.

ஈ.எஸ்.ஐ. வரம்பு 2017 ஜனவரியிலிருந்து மாதம் 21,000. போனஸ் சட்டத்தின் வரம்பும், 2015-ல் திருத்திய பிறகு, அதே 21,000. இப்போது 20,500 வாங்கும் ஒரு அக்கவுண்டன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. அதற்கு அவர் தருவது சம்பளத்தில் 0.75 சதவீதம், நூற்றைம்பது ரூபாய் சொச்சம். முதலாளி தருவது 3.25 சதவீதம். தீபாவளிக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் போனஸைச் சட்டம் காட்டிக் கேட்கலாம். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, நல்ல மனிதர், கணக்குச் சுத்தம் என்று முதலாளி பெரிய மனது பண்ணி 22,000 ஆக்குகிறார். ஆயிரத்து ஐந்நூறு கூடியது. நடப்புப் பங்களிப்புக் காலமும் அதற்கான பலன் காலமும் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. கார்டு நின்றுவிடும். சட்டப்படியான போனஸும் இல்லை, கொடுத்தால் முதலாளியின் விருப்பம். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு வெளியே ஒரு மெடிக்கல் பாலிசி எடுத்துப் பாருங்கள், கூடுதலாக வந்த ஆயிரத்து ஐந்நூறு அதற்கே சரியாகப் போகும்.

இந்தக் கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று தானே வந்து கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். "சார், இந்த வருஷம் ஹைக் வேண்டாம், 20,900-லயே நிறுத்திருங்க." அனுபவம் கூடக் கூட நிலைமை சரிகிற ஒரு ஏற்பாடு இது. 2017-ல் 21,000 என்பது ஒரு நடுத்தரச் சம்பளம், இன்று அது ஆரம்பச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வரம்பை விலைவாசியோடு சேர்த்து ஏற்றிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் தாண்டுகிறவர்களுக்குக் கம்பெனியே குரூப் பாலிசி எடுத்துத் தர வேண்டும். எனக்குத் தெரிந்த இரண்டொரு நல்ல முதலாளிகள் எடுத்துத் தருகிறார்கள். அவர்கள் ஆபீஸில் அக்கவுண்டன்ட் யாரும் வேலையை விட்டுப் போவதில்லை என்பதையும் பார்க்கிறேன்.

ஹைக் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏப்ரல் மாதம் எல்லாக் கம்பெனிகளிலும் ஒரு நாடகம் நடக்கும். அப்ரைசல். வருஷம் முழுக்க என்ன சாதித்தாய் என்று நாலு பக்கம் எழுதச் சொல்வார்கள். கடைசியில் 6 சதவீதம். "உங்கள் திறமையைப் பாராட்டி" என்று கடிதம் வேறு. அரசு ஊழியருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி ஏறுகிறது. ஏழாவது ஊதியக் குழு 2016-ல் பூஜ்யத்தில் தொடங்கியது, 2025 ஜூலைக் கணக்கில் மத்திய அரசு ஊழியர்களுக்கு 58 சதவீதம். யாரும் அவரை நாலு பக்கம் எழுதச் சொல்லவில்லை. விலை ஏறியது, படி ஏறியது, அவ்வளவுதான். ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம் தனி. நம்மாளுக்குத் "திறமைக்காக" என்று தந்த ஆறில் பெரும்பகுதி விலைவாசிக்கே போய்விடுகிறது. 2012-ஐ 100 என்று வைத்த நுகர்வோர் விலைக் குறியீடு 2025-ல் 197-ஐத் தொட்டது. பதிமூன்று வருஷத்தில் சம்பளம் இரண்டு மடங்கு ஆனவர் இருந்த இடத்திலேயே நிற்கிறார் என்று அர்த்தம். அந்தப் பதிமூன்று வருஷம் கற்றுக்கொண்ட வேலைக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

அதிலும் ஒரே இடத்தில் இருப்பவர் பாடுதான் மோசம். 3.5 லட்சத்தில் சேர்ந்து வருஷம் 7 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் பத்து வருஷத்தில் 6.9 லட்சம் தாண்டாது. அதே நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில், வெளியிலிருந்து வருகிறவரை ஒன்பதுக்கோ பத்துக்கோ எடுப்பார்கள். பிறகு வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் பழையவருக்குத்தான். பேரோல் போடுகிறவனுக்கு இரண்டு எண்களும் ஒரே எக்செல் ஷீட்டில் மேலும் கீழுமாகத் தெரியும். வெளியே சொல்ல முடியாது. கேட்டால் "மார்க்கெட் ரேட்" என்பார்கள். அப்படியானால் உள்ளே இருப்பவர் மட்டும் மார்க்கெட்டில் இல்லையா?

இடம் மாறினாலும் பழைய அநியாயம் கூடவே வருகிறது. "கடைசி மூன்று மாதப் பேஸ்லிப் அனுப்புங்கள்." நம் ஊரில் இதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. செய்யப்போகும் வேலைக்கு விலை வைக்காமல், முன்னால் இருந்தவன் கொடுத்த குறைந்த விலைக்கு மேல் முப்பது சதவீதம் என்று வைக்கிறார்கள். குறைவாக வாங்கியவர் ஆயுசுக்கும் குறைவாகவே வாங்குவார். குழந்தை பிறந்து மூன்று நாலு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பெண்களுக்கு இது இரட்டை அடி. கையில் இருப்பது பழைய காலத்துப் பேஸ்லிப், அதுதான் அளவுகோல். அமெரிக்காவில் கலிஃபோர்னியா 2018-லிருந்து பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-ல் சம்பள வெளிப்படைத்தன்மைக்கு ஒரு நெறிமுறை கொண்டுவந்து, வேலைக்கு எடுக்கும்போது பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுத்திருக்கிறது. வேலைக்கான சம்பள வரம்பை முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. இங்கே வந்த புதிய சட்டத் தொகுப்புகளில் இதைப் பற்றி மூச்சில்லை. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். எம்.ஃபில். படித்தவர். ஒரு தனியார் பள்ளியில் பதினாறு வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்துவிட்டு, முழங்கால் வலியால் வேலையை விட்டார். கடைசி நாள் ஒரு சால்வை, ஒரு குத்துவிளக்கு. "டீச்சருக்கெல்லாம் கிராஜுவிட்டி கிடையாதாம் தம்பி, ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார். ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. ஆசிரியர் அந்தச் சட்டத்தில் சொல்லும் "ஊழியர்" ஆக மாட்டார் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3-லிருந்தே பொருந்தும் என்று முன்தேதியிட்டது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போன வழக்கிலும் 2022 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்துவிட்டது. அக்காவுக்குக் கடைசி பேஸிக் 18,000. பதினாறு வருஷத்துக்கு 1,66,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. விண்ணப்பம் எழுதி, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பச் சொன்னேன். முப்பது நாளில் தர வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். "பிரின்சிபல் தப்பா நினைச்சுக்குவாங்களோ" என்று தயங்கினார். குத்துவிளக்கைத் திருப்பிக் கேட்கவா போகிறார்கள், அனுப்புங்க அக்கா என்றேன். அனுப்பிவிட்டார். இன்னும் பதில் வரவில்லை, கெடு முடியவில்லை.

கிராஜுவிட்டியில் இன்னொரு தகவல், பலருக்குத் தெரியாதது. ஐந்து வருஷம் முழுசாக முடிந்திருக்க வேண்டும் என்று கம்பெனிகள் சொல்லும். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. நாலரை வருஷத்தில் ராஜினாமா எழுத உட்காருபவர்கள் காலண்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஒரு வருஷமே போதும்.

இன்ஷூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக: கம்பெனி பாலிசி வேலையை விடும் நாளோடு முடியும். நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரையும் பி.பி.யும் வந்த பிறகு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்து வையுங்கள். குரூப் பாலிசியில் அப்பா அம்மா உண்டா, ரூம் வாடகைக்கு வரம்பு எவ்வளவு என்று சேரும்போதே கேளுங்கள். அனுபவம் உள்ளவருக்கு அப்பா அம்மாவும் வயதானவர்களாகத்தான் இருப்பார்கள். நாலு ஜிம் மெம்பர்ஷிப்பும் வெள்ளிக்கிழமை பீட்சாவும் தருவதைவிட அவர்களைப் பாலிசியில் சேர்ப்பது உருப்படியான சலுகை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் மெயில் போட்டான். மூன்று கேள்விதான் எழுதச் சொன்னேன். பேஸிக்கை மொத்தத்தில் பாதியாக்க முடியுமா? வேரியபிள் போன இரண்டு வருஷம் உண்மையில் எத்தனை சதவீதம் தரப்பட்டது? இந்தப் பதவிக்கான சம்பள வரம்பு என்ன, அதில் நான் எங்கே இருக்கிறேன்? முதல் கேள்விக்கு, புது அமைப்பு தயாராகிறது, எல்லோருக்கும் சேர்த்து மாற்றுகிறோம் என்றார்கள். இரண்டாவதற்கு, எழுபது சதவீதம் என்று பதில் வந்தது. அதாவது 12 லட்சத்தில் இன்னும் 36,000 அடி. அதைக் காட்டியே வேரியபிளில் பாதியை நிலையான சம்பளத்தில் சேர்க்க வைத்துவிட்டான், கெட்டிக்காரன். மூன்றாவது கேள்விக்குப் பதிலே இல்லை.

நீங்கள் ஆஃபர் லெட்டர் வாங்கும் இடத்தில் இருந்தால் அந்த மூன்றாவது பக்கத்தைக் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கிப் புரியவில்லை என்றால் உங்கள் ஆபீஸ் பேரோல்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், சொல்லித் தருவார். ஆஃபர் லெட்டர் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்றாவது கேள்விக்கு நீங்களாகவே முதலில் பதில் எழுதி அனுப்பிப் பாருங்கள்.